ஐட்டரேட்டர் அடுக்குகளும் வகை நீள வரம்பும்

ரஸ்ட் நிரல்மொழியில் ஐட்டரேட்டர் என்பது உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது; மேப், ஃபில்டர், ஃப்ளாட்மேப் போன்ற அடாப்டர்கள் அதைப் பொதிந்து புதிய ஐட்டரேட்டராக்குபவை. இவற்றை ஆழமாக அடுக்கி எழுதிய ஐட்டரேட்டர் ஒன்று ஃபார் லூப்பில் ஒழுங்காகக் கம்பைல் ஆகும். அதையே ஃபார்ஈச் கொண்டு எழுதினால், ஒரு வகையின் (டைப்) விவரிப்பு எவ்வளவு நீளலாம் என்னும் வகை நீள வரம்பை எட்டிவிட்டதாகச் சொல்லிக் கம்பைலர் நின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு பலரையும் குழப்பிய பிழை இது. அப்போதைய வரம்பு 10,48,576, அதாவது 2-இன் 20ஆம் அடுக்கு.

ஃபார் லூப் ஒவ்வொரு முறையும் நெக்ஸ்ட்டை அழைத்து ஓர் உறுப்பை மட்டுமே கேட்கிறது. ஃபார்ஈச் அப்படியல்ல, அது எல்லா உறுப்புகளையும் ஒரே அழைப்பில் கடக்கும் ஃபோல்டு வழியாக இயங்குவதால், வெளி அடுக்கு நாம் தரும் க்ளோஷரை (சுற்றியுள்ள மாறிகளைப் பிடித்துவைக்கும் பெயரற்ற செயற்கூறு) தன் க்ளோஷருக்குள் பொதிந்து அடுத்த உள் அடுக்கிடம் கொடுக்க, அதுவும் அவ்வாறே பொதிந்து தனக்கு உள்ளிருப்பதிடம் கொடுக்கிறது. பல வகைகளுக்கும் பொதுவாக எழுதிய ஜெனரிக் செயற்கூறுக்குள் பிறக்கும் க்ளோஷர், தனக்குத் தேவையோ இல்லையோ, அந்தச் செயற்கூறின் வகை அளபுருக்கள் அனைத்தையும் தன் வகையில் ஏற்றுக்கொள்ளும். தந்தை பெயரை முன்னெழுத்தாகச் சுருக்காமல், ஏழு தலைமுறைப் பெயர்களையும் முழுதாகச் சுமப்பது போன்றது இது. போதாக்குறைக்கு, உள்ளே பொதியப்பட்ட க்ளோஷரின் வகை, அளபுருவாக ஒரு முறையும், பிடித்துவைத்த மாறியின் வகையாக மறுமுறையும் இடம்பெறுகிறது. ஆக, ஒவ்வொரு பொதிவிலும் வகை மரம் குறைந்தது இரட்டிக்கிறது. இருபது பொதிவுகளே வரம்பைத் தொடப் போதும்.

வரம்பை உயர்த்திக்கொள்ளுமாறு கம்பைலரே ஆலோசனையும் சொல்லும். அதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் வரம்பை இருமடங்காக்கினாலும் கிடைப்பது ஒரே ஓர் அடுக்குதான்.

2019-இல் முதல் திருத்தம் கம்பைலரில் அல்லாமல் செந்தர நூலகத்தில் நிகழ்ந்தது. மேப்பின் ஃபோல்டுக்குள் இருந்த க்ளோஷரை, தேவையான வகைகளை மட்டும் ஏற்கும் தனிச் செயற்கூறுக்கு மாற்றினார்கள். மற்ற அடாப்டர்களிலும் இதையே செய்தார்கள். ஐட்டரேட்டரின் வகை க்ளோஷரிலிருந்து மறைந்தது. நேர்த்தியான வேலைதான், ஆனால் இரட்டிப்பு அப்படியே இருந்தது.

அதைக் கம்பைலருக்குள்ளேயே 2020-இல் கவனித்தார்கள்: நீளத்தைக் கணக்கிட வகை மரத்தில் இறங்கும்போது, ஏற்கெனவே கண்ட வகைக்குள் மறுபடியும் நுழைவதில்லை. அதற்குச் சேர்த்த சோதனை நிரல் ஒரு க்ளோஷரை மற்றொன்றுக்குள் திரும்பத் திரும்பப் பொதிவதோடு சரி. அதில் ஐட்டரேட்டர் ஒன்றுகூடக் கிடையாது.