எனக்குப் பிடிக்கும்: சலமாங்காவில் தமிழ் வழியே ஸ்பானிஷ் கற்ற கதை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகருக்கு முதுகலைப் படிப்புக்காகப் புறப்பட்டபோது என்னிடம் மூன்று மொழிகள் இருந்தன: வீட்டில் பேசும் தமிழ், பள்ளிக்கூடத்து ஆங்கிலம், புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்வந்து இரண்டு ஆண்டுகள் கற்ற பிரெஞ்சு. ஸ்பானிஷ் மொழியையும் ஓராண்டு படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். பிரெஞ்சும் ஸ்பானிஷும் லத்தீன் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் என்பதால் பிரெஞ்சுதான் கைகொடுக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சொற்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வாக்கியம் அமைக்கவும் வாய் திறந்து பேசவும் எனக்குத் துணை நின்றது தமிழ் என்பதை, அங்கே மூன்று மாதம் திண்டாடிய பிறகே கண்டுகொண்டேன்.

சலமாங்கா, மாட்ரிட்டிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத் தொலைவில், கடல்மட்டத்திற்குச் சுமார் 800 மீட்டர் மேலே, தோர்மேஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஊர். அதன் பல்கலைக்கழகம் 1218ஆம் ஆண்டில் தோன்றியது. ஸ்பெயினில் இன்றும் இயங்குபவற்றுள் அதுவே மிகப் பழையது. மாலை வெயிலில் பொன்னிறம் கொள்ளும் அவ்வூர் மணற்கல் கட்டடங்களைப் பற்றி எழுதாத பயணி இல்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சிப்பி வீடு என்று பெயர் பெற்ற பழைய மாளிகையின் வெளிச்சுவரில் 300க்கும் மேற்பட்ட கற்சிப்பிகள் பதிந்திருக்கின்றன. உள்ளே பொது நூலகம் இயங்குகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கி வளர்ந்த எனக்கு, கடலே இல்லாத ஊரில் அந்தச் சுவரைக் கண்டதும் இனி இங்கேதான் உட்கார்ந்து படிப்பது என்று தோன்றிவிட்டது.

முதல் வாரம், பேராசிரியர் பேசிய ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெளிவாகக் கேட்டது ‘வாலே’ என்ற ஒரு சொல்தான். நாம் ‘சரி’ என்பதை எத்தனை தொனிகளில் சொல்வோமோ அத்தனையிலும் அவர்கள் ‘வாலே’ சொல்கிறார்கள். நான் பேச முயன்றபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஆங்கிலத்தில் அமைத்து, அதை ஸ்பானிஷுக்கு மாற்றி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

திருப்பம் சாப்பாட்டு மேசையில் நேர்ந்தது. நான் தங்கியிருந்த வீட்டு அம்மையார் ஒருநாள் மீன் பொரித்து வைத்தார். மகிழ்ச்சியில் நான் ‘யோ குஸ்தோ பேத்’ என்றேன். எனக்கு மீன் பிடிக்கும் என்று சொன்னதாக நினைப்பு. அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று சொற்களில் இரண்டு பிழைகள். ‘பேத்’ என்பது தண்ணீரில் நீந்தும் மீன். பிடித்துத் தட்டுக்கு வந்துவிட்டால் அது ‘பெஸ்காதோ’. கடலூர்த் துறைமுகத்தில் வலையிலிருந்து கொட்டும் மீனும் குழம்பில் கொதிக்கும் மீனும் நமக்கு ஒன்றுதான் என்பதால் அந்தப் பிழையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது பிழைதான் என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது. ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’ என்று அவர் திருத்தினார். பாடப்புத்தகம் இதை ஆங்கிலத்தின் வழியே விளக்கி, தலைகீழாக அமைந்த வினோதமான வாக்கியம் என்று எச்சரித்திருந்தது. நானும் விதிவிலக்காக மனப்பாடம் செய்து, தேவையான நேரத்தில் மறந்துபோனேன். அதில் தலைகீழ் எதுவும் இல்லை. ‘மே’ என்றால் எனக்கு. ‘குஸ்தா’ என்றால் பிடிக்கும். ‘நான் மீன் பிடிக்கும்’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை.

மறுநாளே நூலகத்தில் உட்கார்ந்து ஒரு குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஸ்பானிஷுமாக எழுதத் தொடங்கினேன். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதற்கு ‘மே துவேலே லா கபேத்தா’. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதற்கு ‘மே பரேத்தே’. நான்காம் வேற்றுமை தெரிந்தவருக்கு இவை எதுவும் புதிதல்ல. வினை விகுதியும் அப்படியே: ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது யாரென்று தெரிந்துவிடுவதுபோல் ‘ஆப்லோ’ என்றாலே போதும், பேசுகிறாய் ‘ஆப்லாஸ்’, பேசுகிறோம் ‘ஆப்லாமோஸ்’. பிரெஞ்சில் எழுவாயை விடவே முடியாது. அந்தப் பழக்கத்தில் நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யோ, யோ’ என்று தொடங்கிக்கொண்டிருக்க, வகுப்புத் தோழி ஒருத்தி, ஏன் எப்போதும் ‘நான் நான்’ என்று மார்தட்டுகிறாய் என்று கேட்டாள்.

என்னை உண்மையிலேயே வியக்க வைத்தது வேறொன்று. ஸ்பானிஷில் செயப்படுபொருள் ஒரு மனிதராக இருந்தால் அதற்கு முன் ‘ஆ’ என்ற சிறு சொல் வர வேண்டும். பொருளாக இருந்தால் வேண்டியதில்லை. என்னுடன் படித்த அமெரிக்க மாணவர்கள் ஆண்டு இறுதிவரை இதில் தடுமாறினார்கள். நாம் ‘வீடு பார்த்தேன்’ என்று ஐ உருபு இல்லாமல் சொல்வோம்; ‘அம்மா பார்த்தேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘அம்மாவைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்வோம். உயர்திணையா அஃறிணையா என்று பார்த்து உருபு சேர்க்கும் பழக்கம் நாக்கிலேயே ஊறிப்போயிருந்ததால் அந்த ‘ஆ’ எனக்குத் தானாக வந்தது.

உச்சரிப்பிலும் இதே கதைதான். அவர்களுடைய தகரம் பல்லில் படும் நம் தகரம். தக்காளி அவர்களுக்கு ‘தொமாதே’. ஆங்கிலம் பேசுவோர் அதில் டகரத்தைப் போட்டு உடைப்பார்கள். ‘தங்கம்’ என்பதிலும் ‘மகன்’ என்பதிலும் ஒரே ககரம் இருவேறாக ஒலிக்கிறதல்லவா? ‘தாங்கோ’ என்னும் நடனத்தின் பெயரிலும், ஏரியைக் குறிக்கும் ‘லாகோ’விலும் வரும் ஒலிகளுக்கும் அதே கணக்குதான்: மெல்லினத்தை அடுத்து வந்தால் அழுத்தம், இரண்டு உயிர்களின் நடுவே வந்தால் குழைவு. கறிக்கும் கரிக்கும் எங்கள் ஊர்ப் பேச்சில் வேறுபாடு கிடையாது. ஆனால் றகரத்தை உருட்டி உருட்டிச் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியரை, ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘பெரோ’வையும் நாயைக் குறிக்கும் ‘பெறோ’வையும் பிரித்துச் சொல்லப் பழகிய நாள்களில் நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

ஐரோப்பாவில் மக்கள் பேசிய மொழி ஒன்றுக்கு முதன்முதலாக அச்சேறிய இலக்கணம், நெப்ரிகா எழுதிய ஸ்பானிஷ் இலக்கணம். 1492இல் இதே சலமாங்காவில் அச்சானது. அவர் அதற்கு முன்பே லத்தீன் இலக்கணம் எழுதியவர். தெரிந்த ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை அளப்பது அவ்வூருக்குப் பழக்கமான வேலைதான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

தமிழ் என்னைக் கவிழ்த்த இடங்களும் உண்டு. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு அவர்கள் ‘பசி வைத்திருக்கிறேன்’ என்பார்கள். மாணவர்கள் பேராசிரியரைப் பெயர் சொல்லி, ‘நீ’ என்றே பேசுவார்கள். என் பேராசிரியை எத்தனை முறை வற்புறுத்தியும் எனக்கு ‘நீங்கள்’தான் வந்தது. இவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்கவே முடியாதது பால். அஃறிணைக்கு ஆண் ஏது, பெண் ஏது என்று இருந்துவிட்ட நமக்கு, மேசை பெண், புத்தகம் ஆண் என்பதெல்லாம் வேடிக்கையாகப் படுகிறது. மேசை என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. வரும்போது தன் பாலைத் துறைமுகத்திலேயே இறக்கிவிட்டு வந்திருக்கிறது. ஓகாரத்தில் முடிந்தால் ஆண், ஆகாரத்தில் முடிந்தால் பெண் என்று பொதுவிதி சொல்வார்கள். ஆனால் கையைக் குறிக்கும் ‘மானோ’ பெண். வரைபடத்தைக் குறிக்கும் ‘மாபா’ ஆண்.

ஊர் திரும்பிய பிறகு, புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகன் ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும்படி கேட்டான். ஞாயிறுதோறும் வருகிறான். முதல் நாள் புத்தகத்தைத் திறக்காமல், உனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை, வலிப்பவை என்று தமிழில் பத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் பத்தையும் ஸ்பானிஷில் சொல்லிவிட்டான். வரும் ஞாயிறு ஆண்பால், பெண்பால் பாடம். அதற்காக என் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்தத் தலைப்புக்குக் கீழே மட்டும் இடப்பக்கம் காலியாக இருக்கிறது.