கியாப்போவிலிருந்து எட்சா வரை

ஜனவரி 9, 2025, வியாழன்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இன்று கறுப்பு நசரேன் திருவிழா. விடியும் முன்பே ஆத்தே என்னைக் கியாப்போ பகுதிக்கு அழைத்துப் போனார். (தகாலோக்கில் ஆத்தே என்றால் அக்கா. எங்கள் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் இவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.) சிலுவை சுமக்கும் இயேசுவின் கரிய சிலை கண்ணாடிக் கூண்டுக்குள் வந்தது. தேர்வடம் போலத் தடித்த கயிறு. அரக்கு நிறச் சட்டையும் வெறுங்காலுமாக லட்சக்கணக்கான பேர். துண்டை வீசினால் தேர்மேல் நிற்பவர்கள் அதைக் கண்ணாடியில் ஒற்றித் திருப்பி வீசுகிறார்கள். ஆத்தேயின் துண்டும் போய் வந்தது. மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மகனுக்கு டயாலிசிஸ். "இரக்கம் கடவுளிடம், வேலை மனுஷனிடம்" என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. ஆத்தே இரண்டையும் விடுவதில்லை.

நெரிசலில் ஒரு பெண் மயங்கிவிட்டாள். முட்டி மோதிக்கொண்டிருந்த கூட்டம் அவளைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி முதலுதவிக்காரர்களிடம் சேர்த்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேர் நகர்ந்த பிறகு பார்த்தால், அதே தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பொட்டலம். இரண்டும் ஒரே கைகள் செய்தவை. வீடு வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

1986இல் சர்வாதிகாரி மார்கோஸை விரட்ட மக்கள் திரண்ட மணிலா நெடுஞ்சாலைதான் எட்சா. இந்த வருடம் அந்த நினைவுநாளுக்கு விடுமுறை இல்லை. 'சிறப்பு வேலை நாள்' என்று அறிவித்துவிட்டார்கள். அன்று விரட்டப்பட்ட மார்கோஸின் மகன்தான் இன்றைய அதிபர். கத்தோலிக்கக் கல்லூரிகள் பல தாங்களாகவே வகுப்பை நிறுத்திவிட்டன.

1986இல் ஆத்தேக்கு 17 வயது. பிப்ரவரி 22 இரவு ரேடியோ வெரிதாஸில் மணிலாப் பேராயர் கார்தினால் ஹைமே சின், மார்கோஸை எதிர்த்து முகாமுக்குள் இருக்கும் வீரர்களைக் காப்பாற்றப் போங்கள் என்று கேட்டதும், அம்மா பானையில் சோறு வடித்துத் தலையில் தூக்கி வைத்தாராம். டாங்கிகளுக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு முழந்தாளிட்டார்கள். நான்கே நாளில் மார்கோஸ் நாட்டைவிட்டுப் போனார்.

அதை வைத்துத் திருச்சபை எப்போதும் மக்கள் பக்கம் என்று சொல்லிவிட முடியாது. போன வாரம் 17ஆம் தேதி கோமேஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று குருக்களின் நினைவுநாள். பங்குகளை (ஒவ்வொரு கோயிலின் வட்டாரத்தை) ஸ்பானியத் துறவிகளே கையில் வைத்திருந்த காலத்தில் உள்ளூர்க் குருக்களுக்காகப் பேசியவர் புர்கோஸ். 1872இல் கலகப் பழி சுமத்தி மூவரையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இந்நாட்டின் தேசிய வீரரான எழுத்தாளர் ரிசால் தன் இரண்டாவது நாவலை அவர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். துறவிகளின் அதிகாரமும் இந்த மூன்று குருக்களும் ஒரே சபையில்தான் இருந்தார்கள்.

மே 12, திங்கள்

தேர்தல். ஆத்தேயோடு மலாபோனில் அவர் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் வரை போனேன். நல்ல வெயில். வாசலில் பிபிசிஆர்வி தொண்டர்கள் முதியவர்களைக் கைபிடித்து வரிசையில் விட்டார்கள். 1991 முதல் பங்குகளிலிருந்து ஆள் திரட்டும் அமைப்பு இது. முடிவுத்தாள்களை மின்னணு முறையில் வந்த எண்களோடு ஒப்பிடுவதும் இவர்கள் வேலைதான். சம்பளம் கிடையாது. இந்த நாட்டில் பக்தி குடிமைப் பண்பாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது ஆத்தே சொன்னார்: முந்தின இரவு தெருவுக்கு உறை வந்ததாம், ஆளுக்கு 500 பெசோ. "வாங்கிக்கொண்டேன். ஓட்டை மனசாட்சிப்படிதான் போட்டேன். கார்தினாலே அந்தக் காலத்தில் அப்படித்தானே சொன்னார்?"

சர்வாதிகாரியிடம் வாங்குவது வேறு, ஆத்தே என்றேன். பக்கத்து வீட்டுச் சாவுக்குச் சவப்பெட்டிச் செலவைக் கொடுத்த வேட்பாளரிடம் உறை வாங்கினால் அது நன்றிக்கடனாகிவிடும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்த வீட்டில் மூன்று ஓட்டும் அந்த வேட்பாளருக்குத்தான் விழுந்தது என்றார்.

ஜூன் 14, சனி

ஆத்தேயின் மகள் அடிக்கிற கணவனைவிட்டு வந்து ஆறு வருடம். இன்னும் சட்டப்படி அவன் மனைவிதான். விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடுகள் வத்திக்கானும் பிலிப்பைன்ஸும் மட்டுமே. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977 முதல் தனிச் சட்டம் உண்டு. மற்றவர்கள் திருமணமே செல்லாது என்று வழக்காடத்தான் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். 2024 மே மாதம் கீழவை நிறைவேற்றிய மசோதா செனட்டில் அப்படியே நின்றுவிட்டது. ஆயர்கள் குடும்பத்தைக் காக்கிறோம் என்கிறார்கள். இந்தப் பெண்ணின் குடும்பத்தை அது காக்கவில்லை. இதில் என்னால் அவர்களோடு நிற்க முடியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

1972இல் மார்கோஸின் ராணுவச் சட்ட அறிவிப்பில் இட்டிருந்த தேதி இது. வெள்ளத்தடுப்புப் பணத்தைத் தின்றவர்களைக் கேட்க எட்சாவில் இன்று பேரணி. வெள்ளைச் சட்டையில் மாணவர்கள், குருக்கள், கன்னியாஸ்திரீகள். ஆத்தே ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

பேரணி முடிந்து ஜீப்னியில் உட்கார்ந்ததும் என் கைபேசியைக் கேட்டார். ஆகஸ்டில் அதிபர் அலுவலகம் திறந்த இணையதளத்தில் 9,855 வெள்ளத்தடுப்பு வேலைகளின் பட்டியல் இருக்கிறது, மொத்தம் 545 பில்லியன் பெசோ. அவர் தெருவோரச் சுவரைத் தேடிப்பிடித்தோம். 'முடிந்தது' என்று போட்டிருந்தது.

"பாதிதான் நிற்கிறது" என்றார் ஆத்தே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீளம் எத்தனை மீட்டர் என்று இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பங்குப் பெண்கள் ஆறு பேர் அளவுநாடாவோடு போகிறார்கள். படம் எடுக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.