டி.எல்.டி. மாத்திரை: தூக்கம், வயிறு, கிரியாட்டினின்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் இப்போது பெரும்பாலானோருக்குத் தருவது டி.எல்.டி. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கும். நாளைக்கு ஒன்று போதும். பழைய கூட்டு மருந்துகளைவிடத் தொந்தரவு குறைவுதான். வரும் தொந்தரவிலும் சில, போடும் நேரத்தாலும் கூடச் சேரும் பொருளாலும் வருவது.

முதலில் தூக்கம். முன்பு தந்த எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து தலைசுற்ற வைக்கும் என்பதால் படுக்கும்போது போடச் சொன்னார்கள். அதிலிருந்து மாறியவர்கள் பலர் இதையும் ராத்திரியிலேயே போடுகிறார்கள். டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தையே கெடுக்கும். காலை உணவுக்குப் பிறகு போட்டால் பலருக்குச் சரியாகிவிடும். நேரத்தை மாற்றப் போவதை மையத்தில் சொல்லிவிடுங்கள். மாற்றும் நாளில் ஒரு வேளையும் விட்டுப்போகக் கூடாது.

குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிறு தாங்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வயிறு எரிகிறதே என்று கடையில் வாங்கிக் குடிக்கும் ஆன்டாசிட். அதிலுள்ள மெக்னீசியமும் அலுமினியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. ஆன்டாசிட் குடிக்க 2 மணி நேரம் முன்பே டி.எல்.டி.யைப் போடுங்கள், இல்லையென்றால் குடித்து 6 மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் வெறும் வயிற்றில் இதே கணக்குதான். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரைக்கு இந்தத் தடை கிடையாது.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) லேசாக ஏறியதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. டோலுடெக்ராவிர், கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறும் ஒரு வழியை அடைக்கிறது. அதனால் முதல் வாரங்களில் அளவு கொஞ்சம் கூடி அங்கேயே நிற்கும். சிறுநீரகம் கெட்டதாக அர்த்தமில்லை. ஆனால் அளவு ஏறிக்கொண்டே போனாலோ சிறுநீரில் புரதம் போனாலோ டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும், டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அந்த வலி மாத்திரையும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். டோலுடெக்ராவிரோடு சேரும்போது பொதுவாக நாளைக்கு 1000 மி.கி.யைத் தாண்டவிட மாட்டார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொன்று தேவைப்படும்.

காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் மஞ்சளாவது என்றால் அன்றைக்கே மையத்துக்குப் போங்கள். மற்ற எதற்கும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி-யும் இருப்பவர்களுக்கு, இந்த மாத்திரையை நிறுத்தினால் அடங்கியிருந்த கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பி வரலாம்.