பாசி எடுக்கிறவருக்கு யார் பயிற்சித் திட்டம் போடுவது?

உடற்பயிற்சி ஆப்பைப் போனில் ஏற்றியதும் வயது, உயரம், எடை, எத்தனை கிலோ குறைக்கணும் என்று வரிசையாகக் கேட்கிறது. வேலையைப் பற்றிக் கேட்டாலும் உட்கார்ந்த வேலை, நடமாடும் வேலை, கடின உழைப்பு என்று ஏதாவது ஒன்றைத் தொடச் சொல்வதோடு சரி. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிற எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

என் சித்தி பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். துபாயில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்து, ஆப்பையும் போட்டுவிட்டுப் போனான். சித்தியின் வேலை என்ன? விடியுமுன் வள்ளத்தில் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்க வேண்டும். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் திணித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்க வேண்டும். பாறை உரசிவிடும் என்று வாட்சை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவார். சாயங்காலம் அதைக் கட்டியதும், இன்று போதுமான அளவு நடமாடவில்லை என்று வருகிறது. பேத்தி வாசித்துக் காட்ட, “ஏப்பா, நான் சும்மா இருந்தேன்னுல்ல சொல்லுது!” என்றார் சித்தி. எனக்குக் கோபமே வந்தது.

வாரக் கணக்கும் அவருக்குப் பொருந்தாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் பாசிக்குப் போவார்கள். ஆப்போ ஞாயிறு வந்தால் ஓய்வு என்கிறது.

உழைப்பை அளக்க வாட்ச்தான் வேண்டும் என்றில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்ற உளவியலாளர், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று ஆளிடமே கேட்டு 6 முதல் 20 வரை எண் சொல்லவைக்கும் அளவுகோலை உருவாக்கினார். ஆரோக்கியமான பெரியவர்களிடம் அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய பக்கத்தில் வரும். மைதானத்தில் நானும் இதைத்தான் எளிமையாகச் செய்கிறேன். காலையில் அப்பாவோடு வலை இழுத்துவிட்டு வந்தவன் யார் என்று முதலில் கேட்பேன். அவனுக்கு அன்று தண்டால் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அதில் வேலையில் படும் உழைப்பும் சேர்த்திதான்.

விசைப்படகில் போகிற என் பழைய மாணவர்கள் கதை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை இழுத்த உடம்பு, உட்கார்ந்து வலை பின்னும் உடம்பாகிவிடும். சாப்பாடு மட்டும் குறையாது. பயிற்சி அவர்களுக்கு நிஜமாகவே தேவைப்படுவது அந்த இரண்டு மாதம்தான். தொழில் கடல் என்று தெரிந்தால், தேதி பார்த்தே ஆப் திட்டத்தை மாற்றிவிடலாம். அதற்குப் பதிலாக, உங்கள் ஆர்வம் குறைந்துவிட்டது என்று செய்தி அனுப்புகிறது.

கீழக்கரை நண்பருக்கு நோன்பு நேரத்தில் நண்பகலில் தண்ணீர் குடிக்கச் சொல்லி மணி அடிப்பதும் இதே சங்கதிதான்.

ஆப் செய்கிறவர்கள் தினமும் இரண்டே கேள்வி கேட்கட்டும்: இன்று வேலை எப்படி இருந்தது, எங்கே வலிக்கிறது. தமிழில், குரலில் கேட்கட்டும். சித்திக்கு வாசிக்க வராது. ஆனால் எந்தத் தோள், எந்த நேரத்தில், எப்படி இழுக்கிறது என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்வார். தோள் என்றால் அன்றைக்கு நடக்கச் சொல்லி விரட்டாமல், தோளையும் கழுத்தையும் தளர்த்தும் பயிற்சியைக் கொடுக்கட்டும். காது வலி என்றால் பயிற்சியே வேண்டாம். முங்காதீர்கள், முதலில் காது டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லட்டும்.