பிளைத்பர்க் தேவதூதர்கள்

இங்கிலாந்தின் சஃபோக்கில் பிளைத் ஆற்றுச் சதுப்புக்கு மேலே நிற்கிறது பிளைத்பர்க் ஹோலி டிரினிட்டி தேவாலயம். கோபுரம் 14ஆம் நூற்றாண்டு; மற்றது பெரும்பாலும் 15. சின்னக் கிராமத்துக்கு இவ்வளவு பெரிசா என்று தோன்றும். அப்போது அது துறைமுக ஊர்.

அண்ணாந்து பார்த்தால்தான் விஷயமே. கூரையின் நடு உத்தரத்தில் இறக்கை விரித்த மரத் தேவதூதர்கள், முதுகோடு முதுகாக ஜோடி ஜோடியாய். சிவப்பும் பச்சையுமான பழைய பூவேலை வெளிறிப்போய் இன்னும் தெரிகிறது. அந்த மரத்தில் ஈயக் குண்டுகள் புதைந்திருந்தன. 1644இல், தேவாலயத்தில் உருவங்களே கூடாது என்று அவற்றை உடைக்க வந்த வில்லியம் டவுசிங்கின் ஆட்கள் சுட்டது என்றே ரொம்ப நாள் பேச்சு. 20 தேவதூதர்களை இறக்கச் சொல்லி அவர் உத்தரவு போட்டது உண்மைதான். ஆனால் குண்டுகளோ 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. உள்ளே அடைந்த ஜாக்டா காக்கைகளைச் சுட்டதற்குக் கூலி கொடுத்த கோயில் கணக்கே இருக்கிறது! பாவம் டவுசிங், செய்யாததற்கும் சேர்த்துத் திட்டு வாங்கியிருக்கிறார்.

அப்புறம் அந்த வடக்குக் கதவு. 1577 ஆகஸ்ட் 4, வழிபாடு நடக்கும்போது இடி விழுந்து ஒரு ஆளும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். கதவிலுள்ள கருகல் தழும்புகள், அன்று இடியோடு உள்ளே புகுந்ததாகச் சொல்லும் பிளாக் ஷக் என்ற பேய் நாயின் நகக்கீறலாம். எனக்கென்னவோ யாரோ மெழுகுவர்த்தியைக் கிட்டத்தில் பிடித்த மாதிரிதான் தெரிகிறது.