200 குதிரை என்று தொடங்கிய நோட்டு

என் காரின் இன்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கட்டத் திட்டம் போட்ட நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "200 குதிரை, 8000 ஆர்பிஎம்" என்று எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தேன். அதாவது நிமிடத்துக்கு 8000 சுற்றில் 200 குதிரைத் திறன். கீழே ஒரு கேம்ஷாஃப்டின், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டின், மாடல் நம்பர். எந்த பிஸ்டன், சிலிண்டர்களின் மேல் உட்காரும் ஹெட் எது என்று ஒரு வரிகூட இல்லை. குதிரை வருவதற்கு முன்னால் லாடம் வாங்கிய கதைதான்.

வண்டி மஸ்டா மியாட்டா, முதல் தலைமுறை, 1.8 லிட்டர். அந்தத் தலைமுறைக்கு என்.ஏ. என்று பெயர். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினையும் என்.ஏ. என்றுதான் சொல்கிறோம். இதனாலேயே நண்பர்களோடு பேசும்போது பாதி நேரம் யார் எதைச் சொல்கிறார் என்று புரியாது. வாரநாளில் மூடி போட்டு நிற்கும், சனிக்கிழமை தானே ஓடி டிராக்குக்குப் போய், ஓடி முடித்து, தானே வீடு திரும்பும். இந்தக் கடைசிப் பகுதி எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"டர்போ போட்டா முடிஞ்சுது, எதுக்கு இவ்ளோ பாடு?" என்று கேட்காதவர்கள் இல்லை. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம்தான் வர வேண்டும், அவ்வளவுதான் என் பதில். சூட்டைச் சமாளிக்கும் வேலையும் குறைவு.

முதலில் கணக்கு. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை (சுழற்றும் விசை) ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் குதிரைத் திறன் வந்துவிடும். 8000-ல் 200 குதிரை வேண்டுமென்றால் அந்த 8000-லேயே சுமார் 175 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். 1.84 லிட்டருக்கு இது லிட்டருக்கு 95. கம்பெனியிலிருந்து வந்த என் இன்ஜின் 6500-ல் சுமார் 130 குதிரை, அதாவது லிட்டருக்கு 76 மட்டுமே. ஹோண்டா எஸ்2000-ன் எஃப்20சி இன்ஜின் ஐரோப்பாவில் 8300-ல் 240 குதிரை தந்தது, லிட்டருக்கு 100-ஐத் தாண்டும். ஆக, முடியாத விஷயம் இல்லை. ஆனால் அது முதல் நட்டிலிருந்தே அதற்காக வடிவமைத்த இன்ஜின். அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 84 மிமீ, என்னுடையது 85. "கிட்டத்தட்ட ஒரே ஸ்ட்ரோக், அப்போ நாமளும் சுத்தலாமே" என்று ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் மேல் விழும் இழுவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறும். 7000-லிருந்து 8000-க்குப் போனால் அது 14 சதவீதம் இல்லை, 31 சதவீதம்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு லாகர். இன்ஜினில் கை வைப்பதற்கு முன் இரண்டு டிராக் நாள்கள் ஆர்பிஎம்மையும் ஆக்சிலரேட்டரையும் பதிவு செய்தேன். நான் எப்போதும் டயலின் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். பதிவைப் பார்த்தால் பெரும்பாலான வளைவுகளிலிருந்து மூன்றாவது கியரில் 4000, 4200-ல் வெளியே வந்துகொண்டிருந்தேன். நான் வட்டம் போட்ட கேம் 5500-க்குக் கீழே தூங்கும். வளைவை விட்டு வெளியே வந்து, அது எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்து, கடைசி இருநூறு மீட்டரில் மட்டும் ராஜா. வீடு திரும்பும் வழியில் சிக்னலில் நின்றால் ஐடிலில் வண்டி குலுங்கும். இன்டேக் (காற்று உள்ளே வரும்), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுகள் சேர்ந்தே திறந்திருக்கும் ஓவர்லாப் அதிகமானால், காற்று வரும் குழாயான மேனிஃபோல்டில் வேக்யூம் குறையும், பிரேக் பூஸ்டருக்கும் அதே வேக்யூம்தான்.

முதல் பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும். அடுத்த பக்கத்தில்: 6800-ல் 160 குதிரை, லிமிட்டர் (அதற்கு மேல் சுற்றவிடாத வரம்பு) 7200, 3500-லிருந்தே புல்லிங் வேண்டும். கியர்பாக்ஸோடும் ஒத்துப் பார்த்தேன். இரண்டாவது கியரின் விகிதம் 1.888, மூன்றாவது 1.330. 7200-ல் மாற்றினால் 5070-ல் விழும். அங்கே இன்ஜின் முழு விழிப்பில் இருந்தால் போதும்.

இந்த மூன்று எண்கள் முடிவானதும் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றது. அடுத்த தலைமுறை என்.பி. வண்டியின் ஹெட்டை எடுத்தேன். இன்டேக் போர்ட் (காற்று நுழையும் வழி) அதில் இன்னும் உயரத்தில், கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள டேப்பட்டும் ஹைட்ராலிக் இல்லை. அதனுடைய மேனிஃபோல்டும் சேர்த்தேதான் வேண்டும். கேம் மிதமானது, கூடவே அதற்கேற்ற ஸ்பிரிங். சிலிண்டருக்கு ஒன்றாக நாலு தனித்தனி த்ராட்டில் பாடி (காற்றுக் கதவு) ஆசையை இங்கேதான் கொன்றேன். சத்தத்துக்காகவே போட ஆசைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் மேனிஃபோல்ட் பிரஷரை நம்பி டியூன் செய்வது கஷ்டம், த்ராட்டில் திறப்பை வைத்து மேப் எழுத வேண்டும். 7200-ல் நிற்கும் இன்ஜினுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

கேமையும் கம்ப்ரஷனையும் (உள்ளே வந்த காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) தனித்தனியாக முடிவு செய்யக்கூடாது. கேமின் டியூரேஷன் (வால்வ் திறந்திருக்கும் காலம்) கூடினால் இன்டேக் வால்வ் தாமதமாக மூடும், குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பி ஓடிவிடும். அதை ஈடுகட்டத்தான் கம்ப்ரஷன். பெரிய கேம் போட்டு 9:1-லேயே விட்டால் கீழே உயிர் இருக்காது. சின்ன கேமுக்கு 12:1 வைத்தால் 95 ஆக்டேன் பெட்ரோலில் நாக்கிங், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும். நான் 11:1 என்று நின்றேன்.

சிலிண்டரின் விட்டமான போர் 83 மிமீயிலிருந்து 83.5. லேத்துப் பட்டறை அண்ணனிடம் பிளாக்கைக் கொண்டுபோனபோது முதல் கேள்வியே, "பிஸ்டன் கையில இருக்கா தம்பி?"

"ஆர்டர் போட்டிருக்கேண்ணே. சைஸ் இதுல எழுதியிருக்கு."

"எழுதினதப் பாத்து நான் போர் பண்ண மாட்டேன். பிஸ்டன் வரட்டும், நாலையும் அளந்துட்டுதான் மிஷின் ஓட்டுவேன்."

பிளாக் மூன்று வாரம் அவர் ரேக்கில் கிடந்தது. அவர் சொன்னதுதான் சரி. ஃபோர்ஜ்டு பிஸ்டனிலும் 2618 அலாய் சூட்டில் அதிகம் விரியும், அதற்கு இடைவெளி அதிகம் விட வேண்டும், குளிரில் டக் டக் என்று தட்டும். 4032-ல் சிலிக்கான் அதிகம், நெருக்கமாக வைக்கலாம். டர்போ இல்லாத என் வண்டிக்கு 4032. பிளாக் திறந்தே இருப்பதால் ராடும் மாற்றினேன். ஆயில் பம்பையும் விடவில்லை. என் வண்டியின் பிபி வகை இன்ஜினில் பம்பின் கியர் உடையும் என்பது பிரசித்தம், ஸ்டீல் கியர் போட்டு, கிராங்கின் அதிர்வை அடக்கும் முன் டேம்பரையும் புதிதாக்கினேன்.

இனி ஒரு நீல நிறத் தண்ணீர் கதை. 83.5 போரில் ஒரு சிலிண்டர் 465.5 சிசி. 11:1 வர, பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சம் 46.5 சிசி இருக்க வேண்டும். கேஸ்கெட்டின் கனம், பிஸ்டன் தலையின் மேடு, ஹெட்டில் உள்ள குழி எல்லாம் சேர்த்து. குழியை அளக்க ஹெட்டைக் கவிழ்த்து, வால்வைப் பொருத்தி, ஸ்பார்க் பிளக்கை மாட்டி, விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டினேன். அளவு குறித்த குழாயான பியூரெட்டில் நீலச் சாயம் கலந்த தண்ணீர். சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிக் காற்றுக் குமிழி ஓட்டை வழியாக வெளியேறும் வரை ஹெட்டைச் சாய்த்துப் பிடித்தேன்.

முதல் குழி கணக்கைவிட 1.5 சிசி அதிகம் காட்டியது. அப்படியானால் மொத்தம் 48, கம்ப்ரஷன் 10.7 மட்டுமே. ஹெட்டை இன்னும் கொஞ்சம் சீவச் சொல்லி அண்ணனுக்கு போன் போட எடுத்தும்விட்டேன். அவர் எடுக்கவில்லை. சும்மா இருக்காமல் இரண்டாவது குழியை அளந்தேன், சரியாக இருந்தது. மூன்றாவதும் சரி. முதல் குழிக்குத் திரும்பி எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால், வால்வ் தண்டில் ஒரு நீலச் சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. வால்வ் சீட்டில் சரியாக உட்காராமல் தண்ணீர் கசிந்திருக்கிறது. அன்றைக்கு அவர் போனை எடுத்திருந்தால் நாலு சிலிண்டரும் 11.3-க்குப் போயிருக்கும். வால்வைச் சீட்டில் தேய்த்து உட்கார வைக்கும் லேப்பிங் செய்து மறுபடி அளந்தேன். இன்றும் அந்தத் தகட்டில் நீலக் கறை இருக்கிறது.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண்ணில் பார்த்தேன். பிஸ்டன் தலையில் குழந்தைகளின் மாடலிங் களிமண், ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று. பிளேடால் வெட்டி மெல்லிய இடத்தை அளந்ததில் இன்டேக் 2.6 மிமீ, எக்ஸாஸ்ட் 3.1. இன்டேக்கில் 2, எக்ஸாஸ்டில் 2.5-க்குக் கீழே போக எனக்குத் துணிவில்லை. இன்டேக் கேமை நாலு டிகிரி முன்னால் தள்ளியும் ஒரு முறை அளந்தேன், 2.2 நின்றது. எதற்கு அளந்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது, களிமண் மிச்சம் இருந்தது.

மாட்டுவது, ஓட்டிப் பழக்குவது எல்லாம் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நடந்தது. திறனை அளக்கும் டைனோவில் சக்கரத்தில் 138 குதிரை. டிரான்ஸ்மிஷனில் போனதைக் கூட்டினால் நோட்டில் எழுதிய 160-க்குப் பக்கம். டியூனர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாக்கிங் கேட்டுக்கொண்டே, முழு ஆக்சிலரேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதமான லாம்டாவை 0.87-ல் நிறுத்தி, ஸ்பார்க் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினார். 7200 வரை கோடு விழவே இல்லை.

3400-ல் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். வண்டியில் தெரியவில்லை, காகிதத்தில் தெரிகிறது, தெரிந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. இன்டேக் கேமை இரண்டு டிகிரி முன்னால் தள்ளிப் பார்க்கப் போகிறேன். இடைவெளி எவ்வளவு இருக்கும் என்பது களிமண் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. வரும் சனிக்கிழமை வால்வ் கவரைத் திறக்கிறேன்.