ஸ்ட்ரேசாவுக்குப் போனால் ஓர் இரவு தங்குங்கள்

வட இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது ஸ்ட்ரேசா. மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். அதனாலேயே பலர் இதை ஒரு பகலில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பதினொரு மணிக்கு வந்திறங்கி, மதியக் கூட்டத்தில் சிக்கி, ஏரியில் உள்ள மூன்று தீவுகளையும் ஓட்டமாய் ஓடிப் பார்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கிறார்கள். ஊர் நன்றாக இருப்பது அவர்கள் வருவதற்கு முன்பும் போன பின்பும்தான். முதல் நாள் மாலை வந்து ஓர் இரவு தங்கினால் இதே இடம் வேறு மாதிரி தெரியும்.

மிலான் செந்த்ராலே நிலையத்தின் பலகையில் ஸ்ட்ரேசா என்று தேடாதீர்கள். தோமோதோசோலா போகும் ரயில்தான் உங்களுடையது. ரீஜனல் வண்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். சுவிட்சர்லாந்துக்குப் போகும் யூரோசிட்டி கொஞ்சம் வேகம். ஆனால் ரீஜனல் டிக்கெட் யூரோசிட்டியில் செல்லாது. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறு கருவியில் செருகி முத்திரை வாங்கிவிட வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு, 'தெரியாது' என்றால் விடமாட்டார்கள். போகும்போது வலப்பக்க ஜன்னல். வழியில் ஆரோனா நிலையம் தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான். ஸ்ட்ரேசா நிலையம் மேட்டில் இருக்கிறது. கரைக்கு இறக்கத்தில் பத்து நிமிட நடை. பெட்டியோடு திரும்பும்போது அதே பத்து நிமிடம் ஏற்றம்.

மீன்பிடி ஊராக இருந்ததை உல்லாச ஊராக்கியது போக்குவரத்து. ஆல்ப்ஸைக் கடக்க நெப்போலியன் போட்ட சிம்ப்ளோன் மலைச்சாலை 1805இல் முடிந்தது. 1863இல் கிராண்ட் ஹோட்டல் தெஸ் ஈல் பொரோமே கரையோரம் எழும்பியது. 1906இல் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நீளச் சிம்ப்ளோன் சுரங்கம் திறந்ததும் பாரிஸிலிருந்து நேரே ரயில் வந்தது. இரண்டே ஆண்டில் ரெஜினா பேலஸ் ஹோட்டலும் வந்துவிட்டது. முதல் உலகப்போரில் காயம்பட்ட அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1918இல் ஓய்வெடுக்க வந்து தங்கியதும் அந்தக் கிராண்ட் ஹோட்டலில்தான். அங்கே தங்குவதற்குக் கையில் நல்ல காசு வேண்டும். வெளியே நின்று அந்த முகப்பைப் பார்ப்பதற்கு ஒன்றும் வேண்டாம்.

அறை பிடிக்கும்போது ஒரு விஷயம். 'ஏரி பார்த்த அறை' என்று கூடுதலாக வாங்குகிறார்களே, அந்த அறைக்கும் ஏரிக்கும் நடுவில் ஓடுவது அதே சிம்ப்ளோன் நெடுஞ்சாலை. கோடையில், முக்கியமாக வார இறுதியில், மோட்டார் சைக்கிள்கள் விடாமல் போகும். ஜன்னலைத் திறந்து தூங்குகிறவர்கள் மேல் மாடி கேளுங்கள்; இல்லையென்றால் பியாட்சா கதோர்னாவைச் சுற்றியுள்ள சந்துகளில் சிறு விடுதி பாருங்கள். விலையும் குறைவு. ரயில் பாதையை ஒட்டிய மேட்டுத் தெருக்களைத் தவிர்ப்பது நல்லது. மேற்கே மொத்தரோனே மலை நிற்பதால் மாலை வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். பால்கனியில் உட்கார ஏற்ற நேரம் காலைதான்.

இனி தீவுகள். பியாட்சா மார்க்கோனியில் அரசுப் படகுத்துறை இருக்கிறது, பக்கத்திலேயே தனியார் படகுக்காரர்களும் கூப்பிடுவார்கள். தனியார் படகு மோசமில்லை, காத்திருப்பும் குறைவு. ஆனால் ஏறும் முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: எந்தெந்தத் தீவு, திரும்பும் படகு எத்தனை மணிக்கு, எந்தத் துறையிலிருந்து. ஒருவர் கொடுத்த டிக்கெட் இன்னொருவர் படகில் செல்லாது; அரசுப் படகிலும் செல்லாது. தவறான துறையில் நின்று, கண்ணெதிரே படகு போவதைப் பார்ப்பவர்கள் தினமும் உண்டு. அரசுப் படகில் என்றால் மூன்று தீவுகளுக்கும் சேர்த்து நாள் முழுவதும் ஏறி இறங்கும் டிக்கெட் வாங்குங்கள். தீவுகளில் உள்ள அரண்மனைகளுக்கான நுழைவுச்சீட்டு இதில் சேராது, அது தனி.

வரிசைதான் முக்கியம். ஈசோலா பெல்லா கரைக்கு மிக அருகில், ஈசோலா மாத்ரே பல்லான்சா ஊர்ப் பக்கமாகத் தள்ளி. பெல்லா திறக்கும் நேரத்துக்கே, ஏறக்குறைய பத்து மணிக்கு, அங்கே இருங்கள். சுற்றுலாக் குழுக்கள் வந்து சேர்வதற்குள் அரண்மனை அறைகளை முடித்துவிடலாம். பிறகு மாத்ரே. கடைசியில் மூன்றாவது தீவான பெஸ்கத்தோரி. இதைத் தலைகீழாக்கி, பெல்லாவைக் கடைசியில் வைத்து, உள்ளே விடும் நேரம் முடிந்தபின் வாசலில் நிற்பதுதான் அடிக்கடி நடப்பது.

பெல்லாவுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். வெறும் பாறையாக இருந்த தீவில் 1632இல் பொரோமேயோ பிரபுக் குடும்பத்தின் மூன்றாம் கார்லோ தன் மனைவி இசபெல்லாவுக்காக அரண்மனையைத் தொடங்கினார். பெரிய கூடம் முடிந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். தீவு இன்றும் அந்தக் குடும்பத்தின் சொத்து. 1935 ஏப்ரலில் முசோலினியும் பிரிட்டன், பிரான்ஸ் தலைவர்களும் ஹிட்லருக்கு எதிராகக் கூடிப் பேசிய இசைக் கூடத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் கூட்டணி அதே ஆண்டில் இத்தாலி தொடுத்த எத்தியோப்பியப் போரில் உடைந்தது. எல்லோரும் அவசரமாகக் கடக்கும் இடம் கீழ்த்தளத்துக் குகை அறைகள். சுவர், கூரை எல்லாம் கூழாங்கல் பதித்தவை. கோடை வெக்கைக்கு ஒதுங்கக் கட்டியவை. இன்றும் ஜூலை மதியத்தில் அங்கேதான் உடம்பு குளிரும். வெளியே பத்து அடுக்குத் தோட்டம், உச்சியில் பொரோமேயோக்களின் சின்னமான ஒற்றைக்கொம்புக் குதிரை, புல்தரையில் வெள்ளை மயில்கள். படிகள் ஏராளம்: குழந்தை வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனம்.

அவசரத்தில் மாத்ரேயை விட்டுவிடுகிறார்கள். மூன்றில் பெரியது அதுதான், அமைதியும் அங்கேதான். பெல்லாவின் தோட்டம் காட்டுவதற்காகப் போட்டது. இங்கே உள்ளது மரங்களுக்காகவே வளர்த்த தோட்டம். அரண்மனை முன்னால் நிற்கும் காஷ்மீர் சைப்ரஸைப் பாருங்கள். (காஷ்மீர் என்பது பெயரில் மட்டும், பூட்டான், அருணாசலப் பக்கத்து மரம் அது.) 1862இல் விதையாக வந்தது. 2006 ஜூன் மாதச் சூறாவளியில் வேரோடு சாய்ந்தது. வெட்டி எடுக்காமல், நிமிர்த்தி எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டிப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் கம்பிகள் இன்றும் இருக்கின்றன.

பெஸ்கத்தோரிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆண்டு முழுக்க ஆள் வசிக்கும் தீவு இது ஒன்றுதான். நீளம் மொத்தமே முந்நூற்றைம்பது மீட்டர் போல. மதியம் ஒரு மணிக்கு அங்கே நாற்காலி கிடைக்காது. நான்கு மணிக்குமேல் போனால் சந்துகள் காலியாக இருக்கும். கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே துறையில் பார்த்துக்கொள்ளுங்கள், அது பருவத்துக்குப் பருவம் மாறும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஏரி மீன்களான பெர்சிகோ, லவரெல்லோ இரண்டும் நன்றாக இருக்கும். சைவம் மட்டும் என்றால் ரிசோட்டோ என்ற அரிசி உணவில் கவனம்: காய்கறி ரிசோட்டோவிலும் இறைச்சி எலும்பு வேகவைத்த சாறு ஊற்றுவது வழக்கம். 'ப்ரோதோ வெஜெதாலே?' (காய்கறிச் சாறா?) என்று கேளுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் குடல் நொதியால் உறைய வைப்பது, கண்டிப்பான சைவர்கள் அதையும் தூவ வேண்டாமெனச் சொல்ல வேண்டும். இரண்டரை மணிக்குமேல் சமையலறைகள் மூடினால் ஏழு மணிக்குத்தான் திறக்கும். பில்லில் கொபெர்த்தோ என்று தலைக்குச் சில யூரோ இருக்கும், அது ஏமாற்று அல்ல, வழக்கமான மேசைக் கட்டணம். வாங்கிப் போக மர்கெரித்தினே: அவித்த முட்டை மஞ்சள் கரு சேர்த்துச் செய்யும், வாயில் வைத்தால் பொடிந்துவிடும் பிஸ்கட்.

1491 மீட்டர் மொத்தரோனே உச்சிக்குக் கேபிள் கார் என்று பழைய வழிகாட்டிகளில் இருக்கும். 2021 மே 23 அன்று இழுவைக் கம்பி அறுந்து பெட்டி விழுந்ததில் பதினான்கு பேர் இறந்தார்கள். அவசரப் பிரேக் வேலை செய்யாதபடி முன்பே கவ்வி மாட்டப்பட்டிருந்தது. அதோடு சேவை நின்றது. மலைக்குக் காரில் போகலாம், மேல் பகுதி பொரோமேயோக்களின் சுங்கச் சாலை.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பர், இதுதான் பருவம். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும், போகாதீர்கள். இலையுதிர்காலத்தில் பெருமழை பெய்தால் ஏரி ஏறிப் பெஸ்கத்தோரியின் கரைகள் முழுகுவதுண்டு. குளிர்காலத்தில் அரண்மனைகள் மூடியிருக்கும், பல ஹோட்டல்களும் அப்படியே.

திரும்பும் வழியில் அரை நாள் இருந்தால் ஆரோனாவில் இறங்கலாம். அங்கே 1538இல் அதே பொரோமேயோ குடும்பத்தில் பிறந்த புனித கார்லோவின் தாமிரச் சிலை பீடத்தோடு 35 மீட்டர், 1698இல் முடிந்தது. நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்போல ஏற்றம். சிலைக்குள் ஏணியேறித் தலைவரை போகலாம், ஆனால் ஏணி செங்குத்து, வழி குறுகல், கோடை மதியத்தில் தாமிரம் அடுப்பாய்க் காயும். காலையிலேயே ஏறிவிடுங்கள்.